பேனல் பேனலா (கட்டம் கட்டமா) எடுத்தும் ஏன் ஒட்டல? காமிக்ஸுக்கு விசுவாசமா படம் எடுக்கறதுன்னா என்னங்க அது?

பாதிப்பக்கம்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போறவன், இதான் முதல் கேள்வி, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஒரு கிறுக்கு வேலை பண்ணேன். வாட்ச்மென்ங்கற காமிக்ஸ் புக்கை மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு 2009ல வந்த படத்தை ஓட விட்டு, சீனுக்கு சீன் பாஸ் பண்ணி ஒப்பிட்டுப் பாத்தேன். சத்தியமா சொல்றேன், மனுஷங்க உழைச்சிருக்காங்க. அந்த மஞ்சள் ஸ்மைலி பேட்ஜ் மேல ரத்தம் வழிஞ்சிருக்கற கோணம், செவ்வாய் கிரகத்து மணல்ல கிடக்கற போட்டோ, ஜெயில்ல ரோர்ஷாக்ங்கற முகமூடி ஆசாமி கொதிக்கிற எண்ணெயை எடுத்து ஊத்தற இடம், எல்லாம் அப்படியே இருக்கு. வசனமும் பல இடத்துல புக்குல இருந்து தூக்கி வெச்சதுதான்.

ஆனா புக்கு முடிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. படம் முடிஞ்சதும் நேரா போய் பல்லு விளக்கிட்டுப் படுத்துட்டேன். ஏன்னு தெரியல.

ஒரே ஒரு இடம் மட்டும் பிடிபட்டுச்சு. ஆரம்பத்துல காமெடியன்ங்கற முகமூடி ஆசாமியைக் கொல்ற சீன். புக்குல ரெண்டு போலீஸ்காரங்க உடைஞ்ச ஜன்னல் பக்கத்துல நின்னு இது எப்படி நடந்திருக்கும்னு சாவகாசமா பேசிட்டிருப்பாங்க, நடு நடுவுல சிவப்பு கலர்ல ஒரு பேனல், ஒரு குத்து, திரும்ப பேச்சு, திரும்ப ஒரு சிவப்பு பேனல், ஆளு கீழ விழுந்தாச்சு. அவ்ளோதான். படத்துல அதுக்கு ஒரு முழு ஃபைட்டு, ஸ்லோ மோஷன், செவுரு தெறிக்குது, பின்னாடி பாட்டு வேற. புக்குல வயசான ஒருத்தன் அடிபட்டுச் சாகறான், படத்துல ரெண்டு ஹீரோ மோதிக்கறாங்க. இத்தனைக்கும் கதையில ஒண்ணுமே மாத்தல!

கிளைமாக்ஸ்ல புக்குல வர்ற அந்த ராட்சஸ ஜந்துவை எடுத்துட்டு பழியை டாக்டர் மன்ஹாட்டன்ங்கற அதிசக்தி ஆளு மேல போட்டதுதான் பெரிய துரோகம்னு நிறைய பேர் கத்தறாங்க, எனக்கு அது உறுத்தவே இல்ல. கதைக்கு இன்னும் சிக்குனு இருந்துச்சுன்னு கூட தோணிச்சு.

அதே சமயம் 2008 டார்க் நைட்டை எடுத்துக்கோங்க. காமிக்ஸ்ல ஜோக்கர் கெமிக்கல்ல விழுந்து தோலே வெளுத்துப் போனவன், படத்துல அவன் பூசியிருக்கறது வெறும் மேக்கப், அதுவும் கலைஞ்சு வழியுது. ஒரு தனி காமிக்ஸை எடுத்து அப்படியே படமாக்கினதும் இல்ல. ஆனா யாரைக் கேட்டாலும் அதான் ஜோக்கர், அதான் பேட்மேன்னு சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் இருக்கு.

அப்ப எதை வெச்சுதான் விசுவாசம்னு சொல்றது? கதையா, டிரஸ்ஸா, ஆளோட குணமா? இதுக்கு ஏதாவது அளவுகோல் இருக்கா, இல்ல நமக்குப் பிடிச்சா விசுவாசம், பிடிக்கலன்னா துரோகம், அவ்ளோதானா?


கட்டமும்கோடும்:

நல்ல கேள்வி ப்ரோ, நீங்களே பாதி பதிலையும் சொல்லிட்டீங்க.

காமிக்ஸ்ல நேரம் நம்ம கையில இருக்கு. ஒரு பேனலுக்கும் அடுத்த பேனலுக்கும் நடுவுல இருக்கற அந்த வெள்ளை இடைவெளியில என்ன நடந்துச்சுன்னு நாமதான் ஓட்டிப் பாத்துக்கறோம். அந்த சிவப்பு பேனல்கள்ல காமெடியனை அடிச்சது படம் வரைஞ்ச கிப்பன்ஸ் இல்ல, நீங்கதான், உங்க மண்டைக்குள்ளதான் அந்த அடி விழுந்துச்சு. படத்துல அந்த இடைவெளியை எல்லாம் சிமெண்ட் போட்டுப் பூசிட்டாங்க. அதான் தூக்கம் வந்துடுச்சு.

வாட்ச்மென்ல பெரும்பாலும் பக்கத்துக்கு ஒம்பது கட்டம். கடிகார முள்ளு மாதிரி டக் டக்னு ஒரே அளவுல போகும், அதனாலதான் ஒரு இடத்துல திடீர்னு பெரிய கட்டம் வந்தா நெஞ்சுல இடிக்கும். அஞ்சாவது இதழை எடுத்துப் பாருங்க, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடி பிம்பம் மாதிரி லே-அவுட், ரெண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் அதே மாதிரி, இப்படியே நடுப்பக்கம் வரைக்கும். இதைப் படத்துல எப்படி எடுப்பீங்க? 162 நிமிஷம் தியேட்டர்ல ஓடற படத்தை யாரும் முன்னாடியும் பின்னாடியும் புரட்ட முடியாதே.

ஸ்லோ மோஷன் போட்டது ஏன்னா பேனல் மாதிரி ஒரு நொடியை உறைய வைக்கணும்னு ஆசை. ஆனா பேனல்ல ஆளு உறைஞ்சு நின்னாலும் நம்ம கண்ணு ஓடிட்டே இருக்கும். படத்துல ஆளு உறைஞ்சா அது போஸ் ஆயிடுது. போஸ் குடுத்தாலே அழகு வந்துடும். அந்தக் கதை இந்த முகமூடி ஆசாமிங்க அழகானவங்க இல்லன்னு சொல்ல வந்த கதை!

2003ல ஆங் லீ ஹல்க் படத்துல திரையையே கட்டம் கட்டமா பிரிச்சு விட்டாரு. எனக்கு அது ஹோட்டல் செக்யூரிட்டி ரூம்ல சிசிடிவி பாக்கற மாதிரி இருந்துச்சு, தைரியத்துக்கு மட்டும் மார்க் போடலாம். 2018 ஸ்பைடர்வெர்ஸ் அனிமேஷன்தான் இந்த முடிச்சை அவிழ்த்துச்சு. அச்சுப் புள்ளிகள், புதுசா ஸ்பைடர்மேன் ஆகற மைல்ஸை சிலந்தி கடிச்சதுக்கு அப்புறம் அவன் மனசுல நினைக்கறது எல்லாம் பெட்டியா திரையில வர ஆரம்பிக்கறது, அப்புறம் முக்கியமா அவன் அசைவு. ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம்தான் அவன் அசைவான், பக்கத்துல பழம் தின்னு கொட்டை போட்ட பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் வழவழன்னு போவான். இவன் இன்னும் கத்துக்கலன்னு வசனமே இல்லாம உடம்புக்குத் தெரியுது. அது காமிக்ஸ்ல எந்தப் பக்கத்துலயும் இல்லாத விஷயம், ஆனா காமிக்ஸ் படிக்கற மாதிரியே இருக்கும்.


பழையஇதழ்:

எல்லாரும் விசுவாசம் விசுவாசம்ங்கறீங்க. யாருக்குங்க விசுவாசம்? எந்த வருஷத்து காமிக்ஸுக்கு?

1938ல சூப்பர்மேன் வந்தப்போ அவருக்குப் பறக்கவே தெரியாது. தாவுவாரு, அவ்ளோதான். பறக்க வெச்சதுல 40கள்ல வந்த கார்ட்டூனுக்கும் ரேடியோ நாடகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அவரை பலவீனமாக்கற கிரிப்டோனைட் கல்லு 1943ல ரேடியோவுல வந்த சரக்கு, காமிக்ஸுக்குள்ள அது நுழையவே 1949 ஆச்சு. பேட்மேன் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரட் முதல்ல குண்டா இருந்தாரு, 1943 சீரியல்ல ஒல்லியா மீசை வெச்ச ஒருத்தர் நடிச்சாரு, அதைப் பாத்து காமிக்ஸ்ல ஆல்ஃபிரடை இளைக்க வெச்சுட்டாங்க. ஜோக்கரோட ஜோடி ஹார்லி க்வின் 1992 டிவி கார்ட்டூன்ல பொறந்தவ. இன்னிக்கு இதெல்லாம் இல்லாம படம் எடுத்தா நீங்களே காமிக்ஸுக்கு துரோகம்னு போர்டு பிடிச்சு நிப்பீங்க.

இன்னொண்ணு. பெரிய சக்தி வந்தா பெரிய பொறுப்பும் வரும்னு ஒரு வசனம் இருக்கே, ஸ்பைடர்மேனோட பென் மாமா சொன்னதுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க. 1962ல வந்த முதல் கதையில அது கடைசிப் பேனல்ல கதை சொல்றவரோட வாசகம். மாமா அதைச் சொல்லவே இல்ல, பாவம் அவருக்கு அந்தக் கதையில வாயைத் திறக்கவே பெரிய வாய்ப்பு கிடைக்கல.

2002 படத்துல ஸ்பைடர்மேனுக்கு மணிக்கட்டுல இருந்தே வலை வருதுன்னு அப்ப எவ்ளோ பேர் குதிச்சாங்க தெரியுமா. நானும் குதிச்சேன், மறைக்கல. பீட்டர் ஒரு காசில்லாத ஸ்கூல் பையன், தானே மூளையைப் போட்டு வலைத் திரவம் செஞ்சவன், சண்டை நடுவுல அது தீர்ந்து போய் அந்தரத்துல மாட்டறதுதான் கதைகள்ல பாதி சுவாரஸ்யம், அது போச்சேன்னு. அப்புறம் யோசிச்சா, உடம்புல என்னென்னவோ மாறுது, யார்கிட்டயும் சொல்ல முடியல, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான், அந்த வயசுப் பையனோட தவிப்புக்கு அது எவ்ளோ பொருந்துது! கடைசியில 2004ல காமிக்ஸ்லயே அவனுக்கு உடம்புல இருந்து வலை வர வெச்சாங்க, அப்புறம் அதையும் எடுத்துட்டாங்க. இந்த லட்சணத்துல படம்தான் காமிக்ஸைக் கெடுத்துச்சுன்னு எப்படிங்க கேஸ் போடறது.

ஆகவே தம்பி, அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. அவனவன் பத்து வயசுல எந்த இதழை முதல்ல கையில எடுத்தானோ அதுதான் அவனுக்கு வேதம்.


மஞ்சள்நகம்:

எக்ஸ்-மென் காமிக்ஸ்ல வர்ற வுல்வரின் அஞ்சு அடி மூணு அங்குலம். குட்டையா முரட்டுத்தனமா இருப்பான். படத்துல ஆறு அடிக்கு மேல ஒரு அழகன். 2000ல கறுப்பு லெதர் மாட்டி விட்டுட்டு மஞ்சள் டிரஸ்ஸை நக்கல் வேற பண்ணாங்க. அந்த மஞ்சளைப் போட்டுக்க 2024 வரைக்கும் 24 வருஷம் காத்திருந்தோம், தியேட்டர்ல கண்ணு கலங்கிடுச்சு, சிரிங்க பரவால்ல.

ஆனா இதுல ஒரு காமெடி என்னன்னா இதுவரைக்கும் வந்ததுல வுல்வரினை நெஞ்சுக்குள்ள இறக்கின படம்னா லோகன்தான். அதுல டிரஸ்ஸே இல்ல. அழுக்கு சட்டை, நரைச்ச தாடி. அதனால என் கட்சி எதுன்னு எனக்கே தெரியல.


பாதிப்பக்கம்:

@பழையஇதழ் அண்ணா, நீங்க சொன்னதுல பாதி எனக்குத் தெரியவே தெரியாது, ஆல்ஃபிரட் மேட்டர் செம. ஆனா அளவுகோலே இல்லன்னு சொன்னா என்ன வேணா பண்ணலாம்னு ஆயிடுமே? 2013 படத்துல சூப்பர்மேன் ஜாட்ங்கற வில்லனோட கழுத்தைத் திருகிக் கொல்றாரே, அதையும் ஏதோ ஒரு வருஷத்து காமிக்ஸ்ல இருக்குன்னு விட்டுடலாமா? எனக்கு அந்த சீன் இன்னிக்கும் தொண்டையில நிக்குது.


பழையஇதழ்:

கேட்டீங்களே, இருக்கே! 1988, ஜான் பைர்ன் எழுதி வரைஞ்ச சூப்பர்மேன் 22வது இதழ். ஜாட் உட்பட மூணு பேரை பச்சை கிரிப்டோனைட் வெச்சு அவரே தண்டனை குடுத்துக் கொல்வாரு. தப்பிக்க வழியில்லாம கைகலப்புல கொன்னது கூட இல்ல, அவங்க சக்தி போனதுக்கு அப்புறம், நிதானமா. படத்தை விட கொடூரம்.

சரி, உங்களுக்காக ஒண்ணு ஒத்துக்கறேன். அந்த காமிக்ஸ்ல அதுக்கு அப்புறம் மனுஷன் மாசக்கணக்குல நிலைகுலைஞ்சு போவாரு, நான் இந்த பூமிக்கே ஆபத்துன்னு விண்வெளிக்குப் போயிடுவாரு. இதழ் இதழா அந்தப் பாவம் துரத்தும். படத்துல ஒரு அலறல் அலறினாரு, அடுத்த சீன்ல ஆர்மி ஜெனரல் முன்னாடி ட்ரோனைப் போட்டு உடைச்சிட்டு ஜாலியா பேசிட்டு நிக்கறாரு, பக்கத்துல இருக்கற ஆபீசரம்மா ஆளு அழகா இருக்காருன்னு சிரிக்குது. கொன்னது உங்க தொண்டையில நிக்கல தம்பி, கொன்னதுக்கு அப்புறம் வந்த அந்தச் சிரிப்புதான் நிக்குது.


நிழல்வாசகி:

கொஞ்சம் லேட்டா வந்துட்டேன். பழையஇதழ் அண்ணா கடைசியா சொன்னதுதான் இந்த மொத்த பேச்சுக்கும் பிடின்னு நினைக்கறேன், ஆனா அவரே அதைச் சொல்லிட்டு அளவுகோல் இல்லன்னும் சொல்றாரு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கலாம். 1973, அமேசிங் ஸ்பைடர்மேன் 121வது இதழ், பீட்டரோட காதலி க்வென் சாவு. கோப்ளின்ங்கற வில்லன் அவளைப் பாலத்து மேல இருந்து தள்ளி விடறான், பீட்டர் வலையை வீசி அவ காலைப் பிடிச்சிடறான், பிடிச்சிட்டேன்னு சந்தோஷப்படறான், மேல இழுத்துப் பாத்தா உயிர் இல்ல. இதுல அந்த வலை பிடிக்கற பேனலை மட்டும் நல்லா உத்துப் பாக்கணும். அவ தலை பின்னாடி சாயுது, கழுத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரே ஒரு சத்தம் எழுதியிருப்பாங்க, ஸ்னாப். அவ்ளோதான். ஃபைட்டு சத்தமெல்லாம் கொட்டை எழுத்துல போடற புக்குல இது மட்டும் குட்டியூண்டு. வேகமா படிக்கறவங்க கண்ணுல படவே படாது. நான் ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் பாத்தேன், பாத்ததும் புக்கை மூடி வெச்சுட்டேன். ஏன்னா அந்த நாலெழுத்து என்ன சொல்லுதுன்னா, விழுந்து சாகல, இவன் பிடிச்சதாலதான் செத்தாளோ. காப்பாத்தப் போட்ட வலையே கொன்னுடுச்சோ.

இப்ப 2002 படம். பாலம் இருக்கு, கோப்ளின் இருக்கான், தள்ளி விடறதும் இருக்கு, ஆனா அங்க க்வென்னுக்குப் பதிலா பீட்டர் காதலிக்கற மேரி ஜேன், கூடவே ஒரு ரோப்கார் பெட்டி நிறைய குழந்தைங்க, ரெண்டுல யாருன்னு தேர்வு செய்ன்றான், இவன் ரெண்டையும் காப்பாத்திடறான். படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அந்த இடத்துல அது ஒரு சர்க்கஸ். 2014 படத்துல க்வென்னே சாகறா, டிரஸ் கலர் கூட அந்த இதழை ஞாபகப்படுத்தற மாதிரி போட்டாங்க. வலை நுனி ஒரு கை மாதிரி விரிஞ்சு அவளை நோக்கிப் போகும், அழகான ஐடியா, தொட்டும் விடும், ஆனா அதே நொடியில அவ தரையில மோதிடறா. அங்கதான் போச்சு. தரை கொன்னுடுச்சுன்னா இவன் தாமதமா வந்தவன், அது சோகம் மட்டும்தான். வலை கொன்னுடுச்சோன்ற சந்தேகம் இருந்தாதான் இவன் வாழ்நாள் பூரா தன் கையையே பாத்துட்டு உக்காந்திருப்பான்.

அதனால எனக்கு அளவுகோல் இருக்கு. அந்தப் பேனல்ல என்ன இருந்துச்சுன்னு பாக்காம, அந்தப் பேனல் படிக்கறவங்களை என்ன பண்ணுச்சுன்னு பாத்து எடுக்கணும். பாலம் எந்தப் பாலமா வேணா இருக்கட்டும். சொல்லப்போனா அந்த இதழ்லயே எழுதினது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம்னு, வரைஞ்சது ப்ரூக்ளின் பாலம் மாதிரி! காமிக்ஸே காமிக்ஸுக்கு விசுவாசமா இல்ல, நாம போய் டிரஸ் கலருக்கு அடிச்சுக்கறோம்.

இதுக்கு நல்ல உதாரணம் 1978 சூப்பர்மேன். மூக்குக்கண்ணாடி போட்டா யாருக்கும் அடையாளம் தெரியாதுன்றது காமிக்ஸ்ல நாம கேள்வி கேக்காம விழுங்கற விஷயம். சூப்பர்மேன் காதலிக்கற லோயிஸ் வீட்டுல, சூப்பர்மேனா நடிச்ச கிறிஸ்டோபர் ரீவ் தனியா நிக்கற ஒரு சீன் இருக்கு, அவ உள்ள ரூம்ல இருக்கா. கண்ணாடியைக் கழட்டறாரு, கூன் நிமிருது, தோள் விரியுது, ஆளே ரெண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி, குரலும் இறங்குது. உண்மையைச் சொல்லிடலாம்னு வாயெடுக்கறாரு. அவ வர்றா. உடனே கண்ணாடி மாட்டி திரும்ப சுருங்கி சாதாரண ஆளு கிளார்க் ஆயிடறாரு. ஒரே ஷாட்ல, எந்த கிராஃபிக்ஸும் இல்லாம. நாற்பது வருஷமா வரைஞ்சு வரைஞ்சு நம்ப வைக்க முடியாததை ஒரு மனுஷன் முதுகெலும்பை வெச்சே நம்ப வெச்சுட்டாரு. அதே படத்துல டிரஸ் மாத்த ஓடி வந்து டெலிபோன் பூத்தைப் பாப்பாரு, அது பாதி உடம்பு கூட மறையாத புது மாடல், ஒரு பார்வை பாத்துட்டு வேற இடம் தேடிப் போயிடுவாரு. பழசு தெரிஞ்சவன்தான் அப்படி கிண்டல் பண்ண முடியும்.


கட்டமும்கோடும்:

நிழல்வாசகி, அந்த ஸ்னாப் மேட்டர் அட்டகாசம். நான் அந்த இதழை எத்தனை தடவை படிச்சிருப்பேன், பாலம் மாறினதை இப்பதான் கவனிக்கறேன்.

ஒண்ணு சேத்துக்கறேன், சில சமயம் தடை பணத்துலயோ பயத்துலயோ இருக்கும், கலையில இல்ல. 2007ல கிரகங்களையே தின்னற கேலக்டஸை ஒரு மேகமா காட்டினாங்க, ஊதா ஹெல்மெட் போட்ட ராட்சஸன் திரையில வந்தா ஜனங்க சிரிப்பாங்கன்னு பயந்துட்டாங்கன்னுதான் நான் நினைக்கறேன். 2025ல அதே ஆளை ஹெல்மெட்டோட நிக்க வெச்சாங்க, ஒருத்தரும் சிரிக்கல. முகமூடி மேட்டரும் அப்படித்தான். காசு குடுத்து ஸ்டாரைக் கூட்டிட்டு வந்து மூஞ்சியை மூடறதான்னு எல்லா ஹீரோவும் கிளைமாக்ஸ்ல முகமூடியைக் கிழிச்சுக்குவாங்க. 2012 ட்ரெட்ல கார்ல் அர்பன் கடைசி வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல, வெறும் தாடையை வெச்சே நடிச்சாரு. அயர்ன்மேன்ல கேமராவையே ஹெல்மெட்டுக்குள்ள கொண்டு போய் வெச்சாங்க பாருங்க, மனசுல நினைக்கறதை எழுதற பெட்டிக்கு இதைவிட நல்ல மாத்து எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஸ்பைடர்மேன் முகமூடியில கண்ணு பெருசாகி சின்னதாகறது காமிக்ஸ்ல எப்பவும் உண்டு, படத்துல 2016ல தான் லென்ஸ் சுருங்கி விரியற மாதிரி செஞ்சாங்க. சின்ன விஷயம்தான், ஆனா மூடின மூஞ்சியில திடீர்னு ஒரு பையன் தெரிஞ்சான்.


மஞ்சள்நகம்:

டார்க் நைட் பத்தி யாரும் பேசலையே. கொல்ல மாட்டேன்றதுதான் பேட்மேன், அதை உடைக்கத்தான் ஜோக்கர் படம் முழுக்க முயற்சி பண்றான், அதனாலதான் பாதிப்பக்கத்துக்கு அது பேட்மேனாத் தெரியுது, ஓகே. ஆனா கடைசியில வில்லனா மாறின டெண்ட்டை மாடியில இருந்து தள்ளி விட்டது யாருங்க?


நிழல்வாசகி:

அதுவும் ஒரு ஸ்னாப்தான் ப்ரோ, என்ன, யாரும் எழுதிக் காட்டல.


பாதிப்பக்கம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பேசுவீங்கன்னு எதிர்பாக்கல. அந்த 121வது இதழை நான் படிச்சதே இல்ல, தொகுப்புல தேடிப் பிடிச்சுடறேன்.


பழையஇதழ்:

படிக்கும்போது பேரை முன்னாடியே தேடாதீங்க. அந்த இதழ்ல கதையோட தலைப்பை முதல் பக்கத்துல போடவே மாட்டாங்க, கடைசிப் பக்கத்துலதான் வரும். யாருக்கு என்ன ஆகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுடக் கூடாதுன்னு.


பாதிப்பக்கம்:

அண்ணா, மேல ஒரு முழு கட்டுரை போட்டு கழுத்துல சத்தம் வரைக்கும் சொல்லிட்டாங்க, இப்ப வந்து இதைச் சொல்றீங்களே.


நிழல்வாசகி:

ஐயோ சாரி 🙈 அம்பது வருஷத்துக்கு மேல ஆன கதைன்னு நினைச்சுட்டேன்.